வீட்டுச் சுவரில் கொடிக்குளவி: எவேனியா அப்பெண்டிகாஸ்டரை அடையாளம் காணவும் வகைப்படுத்தவும் பரவலைப் பதிவு செய்யவும் முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ் டவுன் கடைவீடுகளிலும் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிகளிலும் குடியிருப்பவர்களில் பலர் இந்தப் பூச்சியைப் பார்த்திருப்பார்கள். முழுக்கக் கறுப்பு, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான உடல். சமையலறைச் சுவரிலோ ஜன்னல் கண்ணாடியிலோ நீண்ட பின்னங்கால்களோடு துறுதுறுவென்று நடக்கும். நடக்கும்போது முதுகுக்குப் பின்னால் சின்ன முக்கோணம் ஒன்று மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும். சிலந்தி என்றோ பெரிய எறும்பு என்றோ நினைத்துச் செருப்பால் அடித்துவிடுகிறவர்கள் உண்டு. பாவம் அது. கரப்பானின் முட்டைப்பைக்குள் வளர்ந்து, அந்த முட்டைகளையே தின்று தீர்க்கிற ஒட்டுண்ணிக் குளவி அது. அறிவியல் பெயர் எவேனியா அப்பெண்டிகாஸ்டர். அந்த முக்கோணம் கொடிபோல் ஆடுவதால், இந்தக் கட்டுரையில் அதைக் கொடிக்குளவி என்றே சொல்கிறேன்.

வீட்டில் பார்த்த குளவி இதுதானா என்று உறுதி செய்வது, உயிரின வகைப்பாட்டில் இதன் இடத்தைப் புரிந்துகொள்வது, பார்த்ததைப் பரவல் தரவாக மாற்றுவது ஆகிய மூன்றையும் இந்த வழிகாட்டி படிப்படியாகச் சொல்கிறது. ஆய்வுக்கூடம் தேவையில்லை. நல்ல கேமரா உள்ள கைப்பேசி, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், பென்சில், நோட்டுப் புத்தகம் போதும். பரவல் வரைபடத்தில் பினாங்கு என்ற புள்ளி தானாக விழுவதில்லை. யாரோ ஒருவர் பார்த்து, சரியாகப் பெயரிட்டு, நாளையும் இடத்தையும் எழுதி வைத்தால்தான் விழும். பினாங்கு மலையான புக்கிட் பெண்டேராவின் காட்டில் கிடைக்கும் அரிய பூச்சிக்கு உள்ள மதிப்பு, ஒழுங்காக எழுதப்பட்ட வீட்டுப் பூச்சிப் பதிவுக்கும் உண்டு என்று உறுதியாக நம்புகிறேன்.

முதல் படி: தேடும் இடம்

கரப்பான் இருக்கிற இடத்தில்தான் இந்தக் குளவி இருக்கும். அதுவும் எல்லாக் கரப்பானும் இதற்கு ஒத்துவராது. அமெரிக்கக் கரப்பான், ஆஸ்திரேலியக் கரப்பான் போன்ற பெரிய வகைகள்தான் இதன் முதன்மை விருந்தோம்பிகள், அதாவது குளவிப் புழு வளர இடம் தரும் பூச்சிகள். இந்தக் கரப்பான்கள் முட்டைப்பையைக் கொஞ்ச நேரம் உடலில் சுமந்துவிட்டு, பிறகு அட்டைப்பெட்டி மடிப்பிலோ அலமாரிக்குப் பின்னாலோ ஒட்டிவிட்டுப் போய்விடும். கேட்பாரற்றுக் கிடக்கும் அந்தப் பையைத்தான் குளவி தேடி வருகிறது. சமையலறைகளில் ஓடும் சிறிய ஜெர்மன் கரப்பானோ, குஞ்சு பொரிக்கும் தறுவாய் வரை முட்டைப்பையை விடாமல் சுமக்கும். அதனால் அது மட்டும் உள்ள வீட்டில் கொடிக்குளவியை எதிர்பார்க்க வேண்டாம்.

ஆகவே, லோங்காங் எனப்படும் சாக்கடை ஓரம், பின்சந்து, பழைய செய்தித்தாள் அடுக்கி வைத்த மூலை, மாடிப்படிக்குக் கீழ் உள்ள இருட்டறை, ஐந்தடி நடைபாதையில் அடுக்கிய பெட்டிகள் ஆகியவற்றைப் பாருங்கள். பகலில்தான் பார்க்க வேண்டும். வெளிச்சத்தை நாடி வரும் குளவி ஜன்னல் கண்ணாடியில் மாட்டிக்கொள்ளும். ஜன்னல் விளிம்பில் செத்துக் காய்ந்து கிடப்பவையும் நல்ல மாதிரிகள்தான். பெருக்கித் தள்ளும் முன் ஒரு தடவை பாருங்கள். நம் ஊரில் குளிர்காலம் என்று ஒன்று இல்லாததால் ஆண்டு முழுக்கத் தேடலாம்.

பயம் வேண்டாம். கூடு கட்டிக் கூட்டமாக வாழும் குளவி இல்லை இது. மனிதரைத் துரத்தவும் துரத்தாது.

இரண்டாம் படி: குடும்பத்தை உறுதி செய்தல்

இனத்தின் பெயருக்கு உடனே தாவாதீர்கள். முதலில் குடும்பம். கொடிக்குளவிகள் அத்தனையும் எவேனியிடே என்ற குடும்பத்தில் அடங்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு இடத்தைக் கவனித்தால் போதும்: வயிறு எங்கே ஒட்டியிருக்கிறது?

பெரும்பாலான குளவிகளில் மெல்லிய இடுப்பு, மார்பின் பின்பக்கத்தில் கீழ்ப்பகுதியிலிருந்து, பின்னங்கால்கள் முளைக்கும் இடத்தை ஒட்டித் தொடங்கும். வீட்டுச் சுவரில் களிமண் கூடு கட்டும் மண்குளவிக்கும் நீண்ட இடுப்புதான். ஆனாலும் அது கீழிருந்துதான் புறப்படுகிறது. கொடிக்குளவியில் அந்தக் காம்பு மார்பின் மேல்பக்கத்தில், கிட்டத்தட்ட முதுகில், செருகி வைத்ததுபோல் நிற்கும். காம்பின் நுனியில் பக்கவாட்டில் தட்டையான குட்டி வயிறு. பக்கத்திலிருந்து பார்த்தால் பெண்ணுக்கு முக்கோணமாகவும் ஆணுக்கு இன்னும் சிறியதாக, நீள்வட்டமாகவும் தெரியும். உடலின் மற்றப் பகுதியோடு ஒப்பிட்டால் வயிறு நம்ப முடியாத அளவுக்குச் சிறியது.

காம்பு மேலே ஒட்டியிருக்கும் இந்த அமைப்பு இன்னும் இரண்டு குடும்பங்களிலும் உண்டு. கேஸ்டெருப்டியிடே குளவிகளின் வயிறு நீண்டு மெலிந்திருக்கும். தலைக்கும் மார்புக்கும் நடுவே கழுத்துபோல் நீண்ட பகுதி தெரியும். தனித்து வாழும் தேனீக்களின் கூடுகளில் அவற்றின் புழுக்கள் வளர்கின்றன. ஆலாசிடே குளவிகள் மரம் துளைக்கும் வண்டுப் புழுக்களைத் தாக்குபவை. அவற்றின் பெண்களுக்கு நீண்ட முட்டையிடு குழல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எவேனியிடே பெண்ணிடம் அப்படி எதுவும் நீட்டிக்கொண்டிராது. வயிறு கட்டையாக, கோடாரித் தலைபோல் இருந்தால் அது எவேனியிடே.

படம் எடுக்கும்போது சரியாகப் பக்கவாட்டிலிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று எடுங்கள். பூச்சி நிற்காமல் ஓடும். ஒரு கண்ணாடிக் குவளையால் மூடி, சில நிமிடங்கள் பொறுத்தால் அடங்கும்.

மூன்றாம் படி: பேரினமும் இனமும்

கொஞ்சம் பொறுமை வேண்டிய இடம் இதுதான். எவேனியிடே குடும்பத்தில் இன்று வாழும் பேரினங்கள் சுமார் இருபது. விவரிக்கப்பட்ட இனங்கள் நானூறுக்கும் மேல். பலவும் கறுப்பு, பலவும் ஒரே உருவம். நிறத்தை வைத்து முடிவு கட்ட முடியாது.

பேரினங்களைப் பிரிக்க முதலில் உதவுவது முன்னிறக்கை. இறக்கையில் ஓடும் நரம்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து நாலாபுறமும் மூடிய அறைகளை உண்டாக்கும். எவேனியா பேரினத்தில் இப்படி மூடிய அறைகள் ஏழு. அமெரிக்கக் கண்டங்களில் வாழும் ஹிப்டியா, ஐரோப்பாவின் பிராக்கிகாஸ்டர் போன்ற பேரினங்களில் நரம்புகள் வெகுவாகக் குறைந்துபோயிருக்கும். எண்ணவே வேண்டாம், பார்த்தாலே வித்தியாசம் தெரியும். இறக்கையை வெள்ளைத்தாள் மேல் விரித்து, பக்கவாட்டில் விளக்கு வைத்துப் பார்த்தால் கைலென்ஸில் எண்ணிவிடலாம். செத்த பூச்சியின் இறக்கை முறுகிப்போயிருந்தால், மூடிய டப்பாவில் ஈரப்பஞ்சோடு ஒரு நாள் வையுங்கள், இளகிவிடும்.

ஏழு அறை இருந்தாலே எவேனியா ஆகிவிடாது. புரோசெவேனியா, செப்லிகெடெல்லா ஆகிய பேரினங்களிலும் நரம்பமைப்பு இதேபோல் நிறைவாகவே இருக்கும். இவற்றில் புரோசெவேனியா ஃபஸ்கிபெஸ், செப்லிகெடெல்லா செரிசியா ஆகிய இரண்டும் கரப்பான்களோடு ஒட்டிப் பல நாடுகளுக்குப் பரவியவை. அதனால் அடுத்த அடையாளத்துக்குப் போக வேண்டும். குளவியை மல்லாக்காகத் திருப்பினால், மார்பின் அடியில் பின்னங்கால்களுக்கு இடையே கவைபோல் பிரிந்த ஒரு நீட்சி தெரியும். அப்பெண்டிகாஸ்டரில் அந்தக் கவையின் இரு கைகளும் நன்றாக விரிந்து நிற்கும். உயிரோடு ஓடுகிற பூச்சியில் இதைப் பார்ப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். செத்த மாதிரி கையில் இருந்தால் மட்டும் முயலுங்கள்.

இவற்றோடு துணை அடையாளங்களும் உண்டு. உடல் முழுக்கக் கறுப்பு. உயிரோடு இருக்கும்போது கண்ணில் தெளிவான நீல மினுக்கம். பதின்மூன்று கணுக்கள் கொண்ட உணர்கொம்பு. மெலிந்து நீண்ட பின்னங்கால்கள். அந்த நீலக்கண் செத்தபின் மங்கிவிடும். உயிரோடு கிடைத்தால் முதல் படத்தைக் கண்ணுக்கு நேராக எடுங்கள் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

பக்கவாட்டுப் படம் மட்டும் இருந்தால் எவேனியிடே என்று எழுதுங்கள். இறக்கை அறைகளும் கவையும் தெளிவாக இருந்தால் எவேனியா அப்பெண்டிகாஸ்டர் என்று எழுதுங்கள். நடுவில் நின்றால் நடுவிலேயே நில்லுங்கள். வீட்டுக்குள் கண்டேன், கறுப்பு, ஆகவே அப்பெண்டிகாஸ்டர் என்று ஊகித்து எழுதிய பதிவை நாளைக்கு ஒருவர் நம்பி வரைபடம் வரைவார். குடும்பத்தோடு நிறுத்திய பதிவால் யாருக்கும் கெடுதல் இல்லை.

நான்காம் படி: வகைப்பாட்டு ஏணியும் பெயரின் கதையும்

மேலிருந்து கீழாக எழுதினால்: பூச்சிகள் என்ற வகுப்பு, எறும்பும் தேனீயும் குளவியும் அடங்கிய ஹைமனாப்டெரா வரிசை, எவேனியாய்டியா பெருங்குடும்பம், எவேனியிடே குடும்பம், எவேனியா பேரினம், அப்பெண்டிகாஸ்டர் இனம். முன்பு சொன்ன கேஸ்டெருப்டியிடே, ஆலாசிடே இரண்டும் இதே பெருங்குடும்பத்தின் உறுப்பினர்கள். அந்த உயரமான காம்பு இவற்றின் பொதுச் சொத்து.

முழுப்பெயரை எழுதும்போது எவேனியா அப்பெண்டிகாஸ்டர் (லின்னேயஸ், 1758) என்று ஆசிரியர் பெயரை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். ஏன் அடைப்புக்குறி? ஸ்வீடன் நாட்டு இயற்கை ஆய்வாளர் லின்னேயஸ் 1758-ல் தன் சிஸ்டமா நேச்சுரே நூலின் பத்தாம் பதிப்பில் இதை விவரித்தபோது வைத்த பெயர் இக்நியூமோன் அப்பெண்டிகாஸ்டர். மெலிந்த இடுப்புள்ள ஏராளமான ஒட்டுண்ணிக் குளவிகளை அவர் அந்த ஒரே பேரினத்தில் போட்டிருந்தார். அவருடைய மாணவர் ஃபப்ரீசியஸ் 1775-ல் எவேனியா என்ற புதுப் பேரினத்தை உருவாக்கினார். இந்த இனம் அங்கே இடம் மாறியது. முதலில் வைத்த பேரினத்திலிருந்து ஒரு இனம் மாறினால், முதல் ஆசிரியரின் பெயரை அடைப்புக்குறிக்குள் எழுதுவது விலங்கியல் பெயரிடல் விதி. மாறாமல் இருந்திருந்தால் அடைப்புக்குறி இருக்காது.

அந்தப் பத்தாம் பதிப்பில்தான் விலங்குகளின் அறிவியல் பெயர்களே தொடங்குகின்றன. அதற்கு முந்தைய பெயர்கள் செல்லாது. அதாவது, விலங்குகளுக்கு முறையாகப் பெயர் வைக்கத் தொடங்கிய முதல் நாளிலேயே இந்தக் கறுப்புக் குளவி பட்டியலில் இருந்தது. அமெரிக்கக் கரப்பானுக்கும் அதே நூலில்தான் பெயர் வைக்கப்பட்டது. உண்பதும் உண்ணப்படுவதும் ஒரே புத்தகத்தில் பெயர் பெற்றதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

பழைய நூல்களில் லேவிகாட்டா போன்ற பெயர்களைப் பார்ப்பீர்கள். உலகம் முழுக்கப் பரவிய இனத்துக்கு, வெவ்வேறு நாட்டில் வெவ்வேறு ஆய்வாளர்கள் புதிது என்று நினைத்துப் பெயர் வைப்பது வழக்கமாக நடப்பதுதான். அவை எல்லாம் இப்போது ஒத்த பெயர்கள். மூத்த பெயரான அப்பெண்டிகாஸ்டர்தான் செல்லும். எவேனியிடே இனங்கள் அத்தனையையும் ஒத்த பெயர்களோடு தொகுத்து அமெரிக்கப் பூச்சியியலாளர் ஆண்ட்ரூ டீன்ஸ் 2005-ல் ஓர் அட்டவணை வெளியிட்டார். பழைய பதிவுகளைத் தேடுபவர்கள் ஒத்த பெயர்களையும் சேர்த்துத் தேடாவிட்டால் பாதித் தகவல் கைநழுவிப் போகும்.

இந்தக் குடும்பத்தின் வயதையும் சொல்லியாக வேண்டும். மியன்மாரில் தோண்டி எடுக்கப்படும் அம்பர் பிசின் கட்டிகளுக்குள், ஏறக்குறைய 9.9 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எவேனியிடே குளவிகள் சிறகு மடியாமல் கிடைத்திருக்கின்றன. டைனோசர் காலத்துக் குளவிகள் அவை.

ஐந்தாம் படி: முட்டைப்பையைச் சேகரித்து வளர்த்தல்

இது கட்டாயம் இல்லை. ஆனால் செய்தால், குளவி இருக்கிறது என்பதோடு எந்தக் கரப்பானில் வளர்ந்தது என்ற தகவலும் சேரும். விருந்தோம்பியின் பெயரோடு வரும் பதிவு அபூர்வம். எவேனியிடே இனங்களில் பெரும்பாலானவற்றுக்கு விருந்தோம்பி எது என்றே இன்னும் தெரியாது.

அமெரிக்கக் கரப்பானின் முட்டைப்பை சுமார் 8 மில்லிமீட்டர் நீளம், கருஞ்சிவப்பு, சின்னப் பயறு மாதிரி இருக்கும். உள்ளே வழக்கமாகப் பதினைந்து பதினாறு முட்டை. ஆஸ்திரேலியக் கரப்பானின் பை சற்றுப் பெரியது, முட்டைகளும் அதிகம். கையுறை போட்டு, மெதுவாகப் பெயர்த்து எடுங்கள். ஒவ்வொரு பையையும் தனித்தனி டப்பாவில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள். குஞ்சுக் கரப்பான் நுழையாத அளவுக்கு நெருக்கமான நெசவாக இருக்க வேண்டும். எடுத்த நாள், இடம், ஒட்டியிருந்த பொருள் மூன்றையும் டப்பாமேலேயே எழுதுங்கள். நிழலில், அறை வெப்பத்தில் வைத்தால் போதும்.

அப்புறம் காத்திருக்க வேண்டியதுதான். கொடிக்குளவி முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய ஒன்றரை முதல் இரண்டு மாதம் ஆகலாம். பெண் குளவி முட்டைப்பையின் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்து, உறையைத் துளைத்து ஒரே ஒரு முட்டை இடும். பொரித்த புழு பக்கத்திலுள்ள கரப்பான் முட்டைகளை ஒவ்வொன்றாகத் தின்று, பை முழுவதையும் காலி செய்துவிடும். பல முட்டைகளைத் தின்கிற புழுவை ஒட்டுண்ணி என்பதா, முட்டைகளை வேட்டையாடும் விலங்கு என்பதா என்று ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஒரு முட்டையோடு நிற்காததால், வேட்டை என்பதே எனக்கு நெருக்கமாகப் படுகிறது. ஆனாலும் வழக்கில் இருப்பது ஒட்டுண்ணிக் குளவி என்பதால் நானும் அதையே எழுதுகிறேன்.

டப்பாவில் என்ன வெளிவருகிறது என்பதைப் பொறுத்து முடிவு மாறும். குஞ்சுக் கரப்பான்கள் வந்தால் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். பையின் ஒரு முனையருகே பெரிய வட்ட ஓட்டையும் ஒரே ஒரு கறுப்புக் குளவியும் இருந்தால் அது கொடிக்குளவி. பொடிப்பொடியாக, 2 மில்லிமீட்டர் அளவில், டஜன் கணக்கில் குளவிகள் வந்தால் அது முற்றிலும் வேறு: யூலோஃபிடே குடும்பத்தைச் சேர்ந்த அப்ரோஸ்டோசிடஸ் ஹாகெனோவி. அவை சின்ன ஓட்டை போட்டு, அதன் வழியே வரிசையாக வெளியேறும். பினாங்கில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. மிண்டெனில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சாக்கடைகளில் பெருகும் அமெரிக்கக் கரப்பானைக் கட்டுப்படுத்த அப்ரோஸ்டோசிடஸைப் பயன்படுத்த முடியுமா என்று சோதித்து, 2011-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரே மாதிரிப் பைக்காக இரண்டு குளவிகள் போட்டி போடும் தீவு இது. உங்கள் டப்பாக்களில் எத்தனை பைகளில் எது வந்தது என்ற எளிய கணக்குக்கூடப் பயனுள்ளது.

மூன்று மாதமாகியும் எதுவும் வராவிட்டால் பையைப் பிளந்து பாருங்கள். உள்ளேயே செத்த குளவி இருக்கலாம்.

மருந்து அடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கரப்பான் மருந்தைச் சுவரெங்கும் தெளித்தால் நடமாடும் குளவி செத்துவிடும். தடித்த உறைக்குள் இருக்கும் கரப்பான் முட்டைகளோ பல மருந்துகளிலிருந்து தப்பிவிடும். மருந்து வைத்தே ஆக வேண்டும் என்றால், கரப்பான் தின்னும் ஜெல் வகையைச் சந்துபொந்துகளில் மட்டும் வையுங்கள்.

ஆறாம் படி: மாதிரியைப் பாதுகாத்தல்

படம் மட்டும் போதாத இடங்களில் மாதிரி பேசும். உருவ ஆய்வுக்குச் செத்த குளவியை முக்கோணமாக வெட்டிய கெட்டி அட்டையின் நுனியில் துளி பசையால் ஒட்டி, அட்டையின் அடிப்பகுதியில் ஊசி குத்துங்கள். கவை தெரிய வேண்டும் என்பதால் அடிப்பக்கத்தைப் பசையால் மூடிவிடாமல், மார்பின் வலப்பக்கத்தில் ஒட்டுங்கள். டிஎன்ஏ ஆய்வுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் 95 விழுக்காடு எத்தனாலில் போட்டுக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும்.

நம் ஈரக்காற்றில் பூஞ்சணம்தான் பெரிய எதிரி. காற்றுப் புகாத பெட்டி, சிலிக்கா ஜெல் பொட்டலம், மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பது, இவ்வளவும் வேண்டும்.

லேபிள் இல்லாத மாதிரி வெறும் செத்த பூச்சிதான். மலேசியா, பினாங்கு, ஜார்ஜ் டவுன், தெருவின் பெயர், அட்சரேகை தீர்க்கரேகை, தேதி, எடுத்தவர் பெயர், எங்கிருந்து எடுத்தது எல்லாம் ஒரே லேபிளில் வர வேண்டும். ஜார்ஜ் டவுன் ஏறக்குறைய 5.41 வடக்கு, 100.33 கிழக்கு; கைப்பேசி காட்டும் எண் இதிலிருந்து வெகுவாக விலகினால் ஏதோ தவறு. மாதத்தை ரோமன் எண்ணில் எழுதுவது பூச்சியியலாளர் வழக்கம். 3-4 என்றால் மார்ச்சா ஏப்ரலா என்ற குழப்பம் வராது.

சொந்த வீட்டில் எடுப்பதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. தெலுக் பகாங்கில் உள்ள பினாங்கு தேசியப் பூங்கா போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதி இல்லாமல் பூச்சி பிடிக்கக் கூடாது. அங்கே படத்தோடு நிறுத்துங்கள்.

ஏழாம் படி: பரவலைப் படித்தலும் பதிவு செய்தலும்

எவேனியா அப்பெண்டிகாஸ்டர் இன்று வெப்பமண்டலம், மிதவெப்ப மண்டலம் முழுக்க இருக்கிறது. தெற்கு, தென்கிழக்கு ஆசியா, சீனா, ஜப்பான், ஆஸ்திரேலியா, ஹவாய், ஆப்பிரிக்கா, மத்தியதரைக் கடல் நாடுகள், பிரேசில், அமெரிக்காவின் வெப்பமான மாநிலங்கள் என்று பட்டியல் நீளும். பூர்வீகம் ஆசியா என்பதே பொதுவான கருத்து. இத்தனை சின்ன இறக்கையோடு இவ்வளவு தூரம் இது பறக்கவில்லை. கப்பலின் சரக்கறையில் கரப்பான் போனது. கரப்பானின் முட்டைப்பை மூட்டையோடும் பெட்டியோடும் போனது. பைக்குள் குளவிப் புழு போனது. 1926-ல் கட்டப்பட்ட ராஜுலா போன்ற கப்பல்களில் நம் முன்னோர் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்து இறங்கிய காலத்துக்கும், 1786-ல் ஆங்கிலேயர் இங்கே துறைமுகம் தொடங்கிய காலத்துக்கும் முன்பே, லின்னேயஸ் கையில் இதன் மாதிரி இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். இதன் பரவல் வரைபடம் பெரும்பாலும் மனிதர்களின் கடல்வழி வரைபடம்தான்.

ஆகவே வரைபடத்தில் புள்ளி இல்லாத இடத்தைக் குளவி இல்லாத இடம் என்று படிக்கக் கூடாது. யாரும் எழுதி வைக்காத இடம் என்றுதான் படிக்க வேண்டும். புள்ளிகள் நகரங்களிலும் பல்கலைக்கழகங்களைச் சுற்றியும் குவிவது, பார்க்கிற கண்கள் அங்கே இருப்பதால்.

பதிவு செய்ய ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளம் நல்ல இடம். மூன்று கோணப் படங்கள், சரியான தேதி, துல்லியமான இடம் ஆகியவற்றோடு ஏற்றுங்கள். அடையாளம் உறுதிப்பட்டு, உரிமம் அனுமதித்தால், அந்தப் பதிவு ஜிபிஐஎஃப் என்ற உலகத் தரவுத்தளத்துக்கும் போய்ச் சேரும். சொந்த வீட்டின் இருப்பிடத்தைப் பொதுவில் காட்ட விருப்பம் இல்லையென்றால் மறைக்கும் வசதி இருக்கிறது. குறிப்பில் இரண்டு விஷயத்தை மறக்காமல் எழுதுங்கள்: வீட்டுக்குள்ளா வெளியிலா, பக்கத்தில் என்ன கரப்பான் இருந்தது.

பினாங்கு மாநிலத்தில் திட்டமிட்டுத் தேட விரும்பினால் ஒரே மாதிரி இடங்களையே சுற்றாதீர்கள். லிட்டில் இந்தியா கடைவீடு, ஜெலுத்தோங் அடுக்குமாடி, பாலிக் புலாவ் கம்பத்து (கிராமத்து) வீடு, பெருநிலத்தில் பட்டர்வொர்த் கிடங்குப் பகுதி, நிபோங் தெபால் பக்கத்துத் தோட்டக் குடியிருப்பு என்று மாறுபட்ட சூழல்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரே அளவு நேரம் தேடி, கிடைக்காத இடத்தையும் கிடைக்கவில்லை என்று எழுதுங்கள். புக்கிட் பெண்டேராவின் காட்டு விளிம்பில் எவேனியிடே ஒன்றைப் பார்த்தால் அப்பெண்டிகாஸ்டர் என்று முடிவு கட்ட வேண்டாம். காட்டுக் கரப்பான்களைச் சார்ந்த வேறு இனமாக இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே இறக்கைப் படம் இல்லாமல் குடும்பத்துக்குக் கீழே இறங்காதீர்கள்.

பதிவேற்றிய பின்னும் அவ்வப்போது போய்ப் பாருங்கள். யாராவது நிபுணர் பெயரை மாற்றியிருந்தால் காரணம் கேளுங்கள். எந்த நரம்பை, எந்தக் கவையைப் பார்த்துச் சொன்னார் என்று தெரிந்தால் அடுத்த படத்தை அந்தக் கோணத்தில் எடுக்கலாம். மாற்றம் சரி என்று பட்டால், பெட்டியில் உள்ள மாதிரியின் லேபிளுக்குக் கீழே புதிய பெயர், அடையாளம் சொன்னவர், ஆண்டு ஆகியவற்றோடு இரண்டாவது லேபிளைச் செருகுங்கள். பழைய லேபிளைக் கழற்ற வேண்டாம்.